ஓடு

கட்வாரியா சராயில் நான்காவது மாடி.
வாசல் கதவின் உட்புறம்
கம்லேஷ் ஆன்ட்டி ஒட்டிய தாளில் ஐந்து விதிகள்.
மூன்றாவது: அசைவம் கூடாது.
அடியில் வேறு பேனாவில்: முட்டையும்தான்.

எங்களிடம் இருப்பது ஒரு மின்கெட்டில்.
தண்ணீர் கொதித்ததும் டக்கென்று அணைந்துவிடும்,
மறுபடி அழுத்த வேண்டும்.
ஐந்து முறை அழுத்தினால் மஞ்சள் கரு கெட்டிப்படும்.
மூன்றுக்கு வழியும்.
கண்டுபிடித்தவள் லால்ரெம்புய்,
புவியியல் முதலாண்டு, அடுத்த கட்டில்.

முட்டைக்கு முந்தைய என் வாழ்க்கை இது:
காலையில் தேநீர்,
மெட்ரோவில் தேநீர் குடித்த நினைப்பு,
மூன்று மணிக்கு கேன்டீனில் ஆறிப்போன சமோசா,
இரவு ஒன்றரைக்கு, தீராத கணக்குக்கு நடுவில்,
அதே கெட்டிலில் நூடுல்ஸ்.
பிப்ரவரியில் புள்ளியியல் துறை மாடிப்படியில்
பதினேழாவது படியில் கண் இருட்டியது.
டாக்டர் ரத்த அறிக்கையைப் பார்த்து,
என்னைப் பார்க்காமல்,
புரதம் சாப்பிடு, உடம்பை அசை என்று எழுதினார்.
அப்படித்தான் எழுதினார் என்று நினைக்கிறேன்.
அந்தக் கையெழுத்து வேறெதுவாகவும் இருக்கலாம்.

அட்டவணை போட்டேன், ஐந்து நிறங்களில்.
பச்சை உடற்பயிற்சி.
பச்சை நான்கு நாள் இருந்தது.
ஒரு ஆப் இறக்கினேன்.
இட்லி என்றால் எத்தனை கிராம் என்றது.
இங்கே இட்லி ஏது என்று அதற்குத் தெரியவில்லை.

நிலைத்தது முட்டைதான். ஆளுக்கு இரண்டு.
தின்பது சுலபம்.
ஓட்டை என்ன செய்வது?

அறைக் குப்பையை ஆன்ட்டி கிளறுவார்.
தெருமுனைத் தொட்டியில் போடலாமென்றால்
இஸ்திரிக்காரர் பார்க்கிறார்,
நாய் பின்னாலேயே வருகிறது ஊரைக் கூட்டிக்கொண்டு.
சஞ்சய் வனத்தின் வாசல் தாண்டி
ஒரு குப்பைத் தொட்டி இருக்கிறது.
போய்வர நடந்தால் அரைமணி.
எனக்கோ ஒன்பதுக்கு வகுப்பு,
ஹவுஸ் காஸிலிருந்து விஸ்வவித்யாலயா வரை
நின்றபடி போக வேண்டும்.
அதனால் ஓடினேன்.
டிராக் பேன்ட் பாக்கெட்டில், பிஸ்கட் உறைக்குள்
நாலு முட்டையின் ஓடு,
ஒவ்வொரு காலடிக்கும் நறநற.

எங்கள் மொழியில் இரண்டும் ஒரே சொல் என்றேன் புய்யிடம்,
இதுவும், இதைத் தூக்கிக்கொண்டு நான் செய்வதும்.
"கண்டிப்பான முட்டை" என்றாள்,
வாய் நிறைய மஞ்சள் கருவோடு.

முதல் வாரம் விலா குத்தியது.
இரண்டாம் வாரம் வழியில் ஒரு மயில்
ஒதுங்காமல் நின்றது. நான் ஒதுங்கினேன்.
மழைக்காலத்தில் இரண்டு முறை விழுந்தேன்,
ஓடு நொறுங்கிப் பொடியானது,
சுமை குறைந்த மாதிரி இருந்தது.

நவம்பரில் காற்றின் எண் நானூற்றுப் பன்னிரண்டு.
மரங்கள் எல்லாம் யாரோ அரைகுறையாய் அழித்த
பென்சில் கோடுகள்.
அப்போது மாடிப்படிதான்,
கீழிருந்து மேல், மேலிருந்து கீழ், பன்னிரண்டு தடவை.
ஓடுகள் கட்டிலுக்கடியில் சூட்கேஸில் சேர்ந்தன.
புய் ஊதுபத்தி கொளுத்தினாள்.
ஆன்ட்டி பக்தி என்று நினைத்தார்.

படியில்தான் மறித்தார் என்னை.
"தினம் ஓடுகிறவள் நீதானே?
என் மகன் எழுந்திருப்பதே பத்து மணிக்கு."
மறுநாள் கதவருகில் ஒரு ஸ்டீல் கிண்ணம்.
ஊறவைத்த பாதாம் ஐந்து, தோலுரித்தது.
அதற்கு மறுநாளும்.
சாப்பிட்டேன். முட்டையும் சாப்பிட்டேன்.
குற்ற உணர்வில் எத்தனை கலோரி என்று
அந்த ஆப்பில் இல்லை.

இன்று முட்டை இல்லை.
கடைக்காரர் கல்யாணத்துக்கு மீரட் போய்விட்டார்.
நாளை மறுநாள் பரீட்சை. புய் தூங்குகிறாள்.
ஷூ நாடாவை முடிந்தபிறகுதான் உறைத்தது,
எதை எறிய இப்போது கிளம்புகிறேன்?
யோசித்து முடிப்பதற்குள்
மூன்று மாடி இறங்கியிருந்தேன்.

காற்று நூற்றைம்பது. இந்த ஊரில் அது நல்ல செய்தி.
இஸ்திரிக்காரர் கரி மூட்டுகிறார்.
நாய் எழுந்து, மோந்து, ஏமாந்து, படுத்துக்கொண்டது.
ஒன்றுமில்லாத பாக்கெட்டைக்
கையால் பொத்தியபடி
வனத்து வாசலைத் தாண்டுகிறேன்.